குரங்கு என்ற ஒரே சொல்லும் ஊதாமுக மந்தியின் தலைவிதியும்

கடந்த 2025 பெப்ரவரி 9ஆம் திகதி ஞாயிற்றுக்கிழமை முற்பகல் இலங்கை முழுவதும் மின்சாரம் தடைப்பட்டது. பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கொன்று மின்மாற்றியுடன் தொடர்புபட்டதே அதற்குக் காரணம் என்று மின்சக்தி அமைச்சர் குமார ஜயக்கொடி செய்தியாளர்களிடம் கூறினார். சில மணித்தியாலங்களுக்குள் அந்தக் குரங்கு உலகப் புகழ் பெற்றுவிட்டது. வெளிநாட்டு ஊடகங்கள் அதைத் தலைப்புச் செய்தியாக்கின. சமூக ஊடகங்களில் கேலிச்சித்திரங்கள் குவிந்தன. ஒரு விலங்கினால் ஒரு நாட்டையே இருளில் ஆழ்த்த முடியுமென்றால் எமது மின்விநியோகக் கட்டமைப்பின் இலட்சணம்தான் என்ன என்ற நியாயமான கேள்வியும் எழுப்பப்பட்டது. ஆனால், அந்தக் குரங்கு எந்த இனத்தைச் சேர்ந்தது என்ற கேள்வியை அன்று நான் வாசித்த எந்தச் செய்தியிலும் காணவில்லை.

இருளில் இருந்தவனுக்கு இனத்தைப் பற்றி என்ன கவலை என்று வாசகர்கள் கேட்கக்கூடும். கேள்வி அற்பமானதாகத் தோன்றலாம். ஆனால், பாணந்துறை என்பது உலகில் வேறெந்த நாட்டிலும் காணப்படாத, அழிவின் விளிம்பில் நிற்கின்ற ஒரு மழைக்காட்டுக் குரங்கினத்தின் தாயகத்திற்குள் இருக்கின்ற ஊர். அந்த இனத்திற்கு ஊதாமுக மந்தி என்று பெயர். அதைப் பற்றி எழுதவேண்டும் என்ற எண்ணம் எனக்கு நெடுநாளாக இருந்துவந்தது. குரங்குகளைப் பற்றி அரசியல்வாதிகள் அடிக்கடி பேசத் தொடங்கியிருக்கும் இந்தக் காலத்தில் அதை மேலும் ஒத்திவைப்பது சரியல்ல.

இலங்கையில் பகலில் நடமாடும் குரங்கினங்கள் மூன்று. முதலாவது, சிங்களத்தில் ரிலவா என்றும் தமிழில் செங்குரங்கு என்றும் அழைக்கப்படுவது. கோயில் வாசலில் அர்ச்சனைத் தட்டைப் பறிப்பதும், கூரை ஓட்டைப் பிரிப்பதும், பேராதனைப் பூங்காவில் பிள்ளைகளின் கையிலிருக்கும் பிஸ்கட்டைப் பிடுங்குவதும் இதுதான். இரண்டாவது, அநுராதபுரத்திலும் ஏனைய வரண்ட வலயப் பகுதிகளிலும் நீண்ட வாலைத் தொங்கவிட்டு அமர்ந்திருக்கும் சாம்பல் நிற மந்தி. தென்னிந்தியாவிலும் அதைக் காணலாம். மூன்றாவதே எமது ஊதாமுக மந்தி. மூன்றில் மிகக் குறைவாகக் கண்ணில் படுவதும் இதுவே.

இந்த வேறுபாட்டை இன்றைய எமது அதிகாரிகளையும் ஊடகங்களையும் விடத் தெளிவாக அறிந்திருந்த ஒருவர் 17ஆம் நூற்றாண்டில் இருந்தார். கண்டி இராச்சியத்தில் 1660 தொடக்கம் 1679 வரை கைதியாக இருந்து தப்பிச்சென்ற ஆங்கிலேயரான றொபர்ட் நொக்ஸ், 1681இல் லண்டனில் வெளியிட்ட தனது நூலில் இலங்கையின் குரங்குகளைத் தரம்பிரித்து எழுதியிருக்கிறார். கருமுகமும் காதிலிருந்து காதுவரை வெண்தாடியும் கொண்டு கிழவர்களைப் போலத் தோன்றும் ஒரு வகை; அது காட்டிலேயே தங்கி இலையையும் தளிரையும் தின்று வாழ்கிறது, அதனால் பெரிய தொல்லை எதுவும் இல்லை என்கிறார். தாடியில்லாத மற்றொரு வகை, விளைந்த பயிருக்குள் புகுந்து வாயையும் கைகளையும் நிரப்பிக்கொண்டு ஓடுவது. முதலாவதற்கு வந்துரா என்றும் இரண்டாவதற்கு ரிலவா என்றும் ஊரார் சொன்ன பெயர்களையும் அவர் பதிவு செய்யத் தவறவில்லை. பால் போன்ற வெண்ணிறத்தில் சில மந்திகள் அரிதாக உண்டு என்றும் எழுதியிருக்கிறார். அதைக் கட்டுக்கதை என்று ஒதுக்கிவிட முடியாது. சிங்கராஜக் காட்டின் ஓரங்களில் அத்தகைய வெள்ளை மந்திகளை இன்றும் அவதானிக்கிறார்கள். அவற்றின் கண்களும் முகமும் கருமையாகவே இருப்பதனால் அது முழுமையான நிறமியின்மை அல்ல என்பது ஆய்வாளர்களின் விளக்கம்.

ஒரு விடயத்தை இடைநடுவே கூறிவைக்கவேண்டும். நொக்ஸ் எடுத்துச்சென்ற வந்துரா என்ற சொல் ஐரோப்பாவில் எப்படியோ இடம்மாறி, இலங்கையில் ஒருபோதும் வாழ்ந்திராத, மேற்குத் தொடர்ச்சி மலையின் சிங்கவால் குரங்கின் பெயராக நீண்டகாலம் நிலைத்துவிட்டது. எமது மந்திக்கு அதன் பெயரைக்கூட மற்றொன்றிடம் பறிகொடுக்க நேர்ந்தது.

விஞ்ஞானிகள் அதற்குச் சூட்டிய பெயர்களும் கிழட்டுத் தோற்றத்தைச் சார்ந்தவையே. 1777ஆம் ஆண்டில் சூட்டப்பட்ட வெட்டுலஸ் என்ற இலத்தீன் பெயருக்குக் கிழவன் என்று பொருள். மேற்குக் கரையோரத்தை அண்டி வாழும் துணையினத்துக்கு நெஸ்டர் என்று பெயர். ஹோமரின் காவியங்களில் வரும் வயது முதிர்ந்த, அறிவுரை கூறும் மன்னனின் பெயர் அது. மொத்தம் நான்கு துணையினங்கள். ஒன்று வரண்ட வலயத்தின் காடுகளில் வாழ்கிறது. தென்மேற்கின் ஈரக் காடுகளில் ஒன்று. கொழும்பு, களுத்துறை, கம்பஹா பக்கங்களில் நெஸ்டர். நான்காவது, 2,000 மீற்றருக்கும் மேலான உயரத்தில் ஹோட்டன் சமவெளியின் பனியிலும் குளிரிலும் அடர்ந்த நீண்ட உரோமத்துடன் வாழ்வது. கரடிக் குரங்கு என்று அதை அழைக்கிறார்கள். ஒரே இனம் கடல்மட்டத்து வெக்கைக்கும் உறைபனிக்கும் தன்னைப் பழக்கிக்கொண்டிருக்கிறது.

அதன் வாழ்க்கை முறை விசித்திரமானது. உடலைவிட வால் நீளம். ஆணின் எடைகூடப் பொதுவாகப் பத்துக் கிலோவைத் தாண்டாது. மரத்தைவிட்டு நிலத்துக்கு இறங்குவது மிக அரிது. தாகத்தைக்கூடப் பெரும்பாலும் தின்னும் இலையின் ஈரத்தைக்கொண்டே தீர்த்துக்கொள்கிறது. செங்குரங்குக்கு இருக்கும் கன்னப்பை இதற்குக் கிடையாது. பறித்ததை வாயில் அடைத்துக்கொண்டு ஓடும் கள்வனின் உடலமைப்பே இதற்கு இல்லை. இதற்கு இருப்பது மாட்டின் வயிற்றைப் போன்று அறைகளாகப் பிரிந்த இரைப்பை. தின்ற இலை அங்கே நுண்ணுயிர்களால் புளிக்கவைக்கப்பட்டு, நாரிலிருந்து சத்துப் பிரிகிறது. பல இலைகளில் மரம் தன் பாதுகாப்புக்காக வைத்திருக்கும் நச்சுப் பொருட்களின் வீரியமும் அந்த நுண்ணுயிர்களால் குறைகிறது. ஏனைய பிராணிகள் சீந்தாத உணவை உண்டு வாழ்வதற்காக இயற்கை தந்த வரம் அது. அந்த வரத்துக்கு ஒரு விலையும் உண்டு. இலையில் சக்தி குறைவு, சமிப்பதற்கு நேரம் அதிகம். ஆகவே, நாளின் பெரும்பகுதியை அது கிளையில் அமர்ந்து சும்மா இருப்பதிலேயே கழிக்கிறது. சோம்பேறி என்று எவரும் நினைத்துவிட வேண்டாம். அந்த நேரத்தில் அதன் வயிறு வேலை செய்கிறது.

இலைக்குரங்கின் வயிற்றுக்கு இனிப்பான பழுத்த பழங்கள் அளவுக்கு மீறினால் ஆகாது. சீனி வேகமாகப் புளித்து அமிலத்தைப் பெருக்கிவிடும். அதனால், நல்ல காட்டில் வாழும் மந்தி பெரும்பாலும் இலையையும் தளிரையும் நாடுகிறது. பாணந்துறையிலும் பிலியந்தலையிலும் வீட்டுத் தோட்டங்களை அண்டி வாழ்ந்த மந்திக் கூட்டங்களை ஜினி டெலா என்ற இலங்கை ஆய்வாளர் நீண்டகாலம் அவதானித்து 2007இல் வெளியிட்ட ஆய்வு இதற்கு மாறான ஒரு நிலைமையைக் காட்டியது. அங்கே அவற்றின் உணவில் பழங்களே முதன்மையான இடத்தைப் பிடித்திருந்தன. சிலர் இதை மந்தியின் திறமைக்குச் சான்றாகக் காட்டுகிறார்கள். காடு இல்லாத இடத்தில் கிடைத்ததைத் தின்கிற பிராணியின் நிர்ப்பந்தமாகவே எனக்கு அது தெரிகிறது.

விடியற்காலையில் மழைக்காட்டின் ஓரத்தில் நின்றவர்களுக்கு அதன் குரல் மறக்காது. சூரியன் எழுவதற்கு முன்னரே கூட்டத்தின் தலைவன் அடிவயிற்றிலிருந்து ஹூ, ஹூ என்று முழங்கத் தொடங்கும். அந்த முழக்கம் கரகரத்த குரைப்பாக மாறி அடங்கும்போது அடுத்த குன்றிலிருந்து மற்றொரு தலைவன் பதில் கொடுக்கும். எல்லையை அறிவிக்கும் முறை அது. காட்டுக்குள் நுழைந்து தேடினால் கண்ணில் படாத இந்தப் பிராணியை ஆய்வாளர்கள் கண்டுபிடிப்பது பெரும்பாலும் காதினால்தான். பின்னால் சொல்லப்போகும் ஒரு விடயத்துக்காக வாசகர்கள் இதை நினைவில் வைத்துக்கொள்ள வேண்டுகிறேன்.

ஒரு கூட்டத்தில் வளர்ந்த ஆண் பெரும்பாலும் ஒன்றே இருக்கும். அதனுடன் சில பெண்களும் குட்டிகளும். ஏனைய ஆண்கள் தனித்தோ தங்களுக்குள் ஒரு கும்பலாகவோ திரிந்துகொண்டு, தருணம் பார்த்துத் தலைவனை விரட்டி அந்த இடத்தைப் பிடிக்கும். இதை உலகுக்கு முதன்முதலில் விரிவாக எடுத்துக்கூறியவர் ராசநாயகம் ருத்ரன் என்ற எமது நாட்டு விஞ்ஞானி என்பதைத் தமிழ் வாசகர்கள் பலர் அறிந்திருக்கமாட்டார்கள். பொலன்னறுவையிலும் ஹோட்டன் சமவெளியிலும் இந்த மந்திகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்த அவர் 1973இல் வெளியிட்ட கட்டுரைகள், புதிய தலைவன் வந்த பின்னர் பழைய தலைவனின் குட்டிகள் கூட்டத்திலிருந்து காணாமற்போவதைப் பதிவு செய்தன. குரங்குகளின் சமூக வாழ்வில் குட்டிக்கொலை பற்றிய சர்வதேச விவாதத்தில் அவை இன்றும் மேற்கோள் காட்டப்படுகின்றன. ஆட்சி மாற்றத்துக்குப் பின்னர் முன்னையவரின் வாரிசுகள் மறைந்துபோவது எம்மவருக்குப் புதிய செய்தி அல்லவே என்று நண்பரொருவர் சொன்னதுண்டு. அந்த ஒப்பீட்டை நான் விரும்பவில்லை. மந்தியிடம் அதற்கு ஓர் இனப்பெருக்கக் காரணமாவது இருக்கிறது.

அதே ருத்ரன் பல தசாப்தங்களுக்குப் பின்னர் நெஸ்டர் மந்திகளைத் தேடி மேற்கு இலங்கையில் ஒரு மதிப்பீட்டை நடத்தி 2007இல் வெளியிட்டார். அந்த மந்தி முன்னர் வாழ்ந்த நிலப்பரப்பில் ஏறத்தாழ ஐந்தில் நான்கு பங்கு காடு அற்றதாகிவிட்டது என்பது அதன் சாராம்சம். ஆச்சரியப்பட எதுவுமில்லை. நாட்டில் மிக நெருக்கமாக மக்கள் வாழும் பகுதியும் அதுவே. அழிவை எதிர்நோக்கும் உலகின் முதல் 25 குரங்கினங்களின் பட்டியலில் 2000களிலிருந்து நெஸ்டர் பல தடவைகள் இடம்பிடித்திருக்கிறது. இயற்கைப் பாதுகாப்புக்கான சர்வதேச ஒன்றியம் அதனை மிக ஆபத்தான நிலையில் உள்ளதாக வகைப்படுத்தியிருக்கிறது.

இதுவரை அது தப்பிப்பிழைத்திருப்பதற்கான காரணங்களைப் பார்த்தால் ஒருவித வேடிக்கை தெரியும். லபுகம, களட்டுவாவ ஆகிய நீர்த்தேக்கங்களைச் சூழ்ந்த காடு இந்த மந்திக்கு எஞ்சியிருக்கும் முக்கியமான புகலிடங்களில் ஒன்று. கொழும்பு நகருக்குக் குடிநீர் வழங்குவதற்காக 1880களில் பிரித்தானியர் லபுகமவில் நீரைத் தேக்கினர். நீர் அழுக்காகிவிடக்கூடாது என்பதற்காகக் காட்டை விட்டுவைத்தனர். பலா மரத்தைத் தறிப்பதற்கு அனுமதி பெறவேண்டும் என்று 1951ஆம் ஆண்டில் கொண்டுவரப்பட்ட சட்டம் மக்களின் உணவை மனதிற்கொண்டது. புறநகர்த் தோட்டங்களில் மந்திக்கு இலையும் தங்கும் கிளையும் தருபவற்றில் அந்தப் பலா மரங்கள் முக்கியமானவை. குடிநீருக்காகவும் பலாக்காய்க்காகவும் செய்த ஏற்பாடுகளின் ஓரத்தில் மந்தி ஒதுங்கி வாழ்ந்துவருகிறது. அதற்கென்று செய்யப்பட்டது மிகச் சொற்பம்.

அந்த ஓரமும் இப்போது சுருங்குகிறது. ஒரு காணி நான்காகப் பிரிக்கப்படும்போது வேலியோரத்து மரங்கள்தான் முதலில் விழுகின்றன. கிளைவழியே போய்க்கொண்டிருந்த பிராணிக்கு மின்கம்பி ஒரு கிளையாகத் தெரிகிறது. ஒரு கம்பியில் கையும் மறு கம்பியில் வாலும் படும்போது அது கருகி விழுகிறது. தப்பி நிலத்தில் இறங்கினால் தெருநாய்கள். வீதியைக் கடந்தால் பஸ். பாணந்துறைச் சம்பவத்தில் நாடு இருண்டதைப் பற்றி எல்லோரும் பேசினோம். தெருவுக்குத் தெரு கம்பியில் மாயும் மந்திகளால் ஒரு வீட்டு விளக்குக்கூட அணைவதில்லை. அதனால் அவை செய்தியாவதும் இல்லை.

இனி அரசியலுக்கு வருவோம். ஒரு இலட்சம் செங்குரங்குகளைச் சீனாவுக்கு அனுப்புவது பற்றி ஆராயப்படுவதாக 2023 ஏப்ரலில் அன்றைய விவசாய அமைச்சர் மஹிந்த அமரவீர அறிவித்தார். சுற்றாடல் அமைப்புகள் நீதிமன்றத்தை நாடின. அத்தகைய ஏற்றுமதி நடைபெறாது என்று அந்த வருடம் ஜூனில் நீதிமன்றத்துக்கு உறுதியளிக்கப்பட்டதுடன் அந்தக் கதை முடிந்தது. பின்னர், 2025 மார்ச் 15ஆம் திகதி காலை 8 மணி தொடக்கம் 8.05 வரை, ஐந்தே நிமிடங்களில், பயிர்களுக்குச் சேதம் விளைவிக்கும் விலங்குகளை நாடளாவிய ரீதியில் பொதுமக்களைக்கொண்டு எண்ணும் நடவடிக்கை மேற்கொள்ளப்பட்டது. செங்குரங்குகள் 50 இலட்சத்துக்கும் அதிகம் என்றும் மந்திகள் சுமார் 17 இலட்சம் என்றும் பின்னர் முடிவு வெளியானது.

இந்தப் 17 இலட்சத்தைக் கண்டு நான் திகைத்துப்போனேன். வந்துரா என்ற ஒரே நிரலுக்குள் வரண்ட வலயத்தின் சாம்பல் மந்தியும் மழைக்காட்டின் ஊதாமுக மந்தியும் சேர்த்து எண்ணப்பட்டிருக்கின்றன. விடியலுக்கு முன்னர் குரல்கொடுத்துவிட்டு, எட்டு மணிக்கு இலைகளுக்குள் அசையாமல் அமர்ந்திருக்கும் பிராணியை ஐந்து நிமிடத்தில் எவர் எண்ணினார்? அதே கூட்டம் இரண்டு வளவுகளின் எல்லையில் இருந்திருந்தால் எத்தனை முறை எண்ணப்பட்டிருக்கும்? உலகம் முழுவதும் அழிவின் விளிம்பில் இருப்பதாக ஏற்றுக்கொண்ட ஒரு பிராணி, ஓர் அரசாங்க அட்டவணையின் ஒரு வரியினால் இலட்சக்கணக்கான பீடைகளில் ஒன்றாகிவிட முடியும் என்பதே இங்கு ஆபத்து. சட்டத்தினால் பாதுகாக்கப்பட்ட விலங்கு என்ற நிலை அதற்கு இருக்கிறது. ஆனால், துப்பாக்கியுடன் தோட்டத்தில் நிற்பவர் சட்டப் புத்தகத்தைப் புரட்டிப் பார்ப்பதில்லை. மந்திகள் 17 இலட்சம் இருப்பதாகத் தொலைக்காட்சி சொன்னது மாத்திரமே அவர் நினைவில் இருக்கும்.

விவசாயிகளின் துயரத்தை நான் குறைத்து மதிப்பிடவில்லை. இளநீர்ப் பருவத்திலேயே தேங்காய்களை இழக்கும் தென்னைச் செய்கையாளர்களும், லயத்தின் பின்னால் நாலு பாத்தி மரக்கறி போட்டு அதையும் குரங்குக்குக் கொடுத்துவிட்டு நிற்கும் மலையகத் தொழிலாளர் குடும்பங்களும் ஏட்டுச் சுரைக்காயான சூழலியல் உபதேசத்தைக் கேட்கக் கடமைப்பட்டவர்கள் அல்ல. அவர்களுக்கு நட்டஈடும் பாதுகாப்பும் தேவை. ஆனால், எந்த ஊரில் எந்த இனம் எந்தப் பயிரை அழிக்கிறது என்று தெரியாமல் வகுக்கப்படும் திட்டம் அவர்களின் ஒரு தேங்காயைக்கூடக் காப்பாற்றப்போவதில்லை. குப்பை மேடுகளிலும் யாத்திரைத் தலங்களிலும் மனிதர் போடும் சோற்றினால் பெருகும் செங்குரங்கின் பிரச்சினை வேறு. காடு சுருங்கியதனால் றம்புட்டான் மரத்துக்கு வந்த மந்தியின் பிரச்சினை வேறு. முதலாவதற்குக் குப்பையை மூடவேண்டும். இரண்டாவதற்கு மரத்தை நடவேண்டும்.

அது முடியாத காரியமும் அல்ல. சிங்கராஜக் காடே அதற்குச் சான்று. ஒட்டுப்பலகைத் தொழிற்சாலைக்காக 1970களின் முற்பகுதியில் அங்கு இயந்திரங்களைக்கொண்டு மரம் வெட்டத் தொடங்கினார்கள். எதிர்ப்புக் கிளம்பியதால் 1977இல் அது நிறுத்தப்பட்டது. 1988இல் யுனெஸ்கோவின் உலக மரபுரிமைத் தலமானது. அதன் ஓரத்தில் நடப்பட்ட பைன் மரங்களுக்கிடையே மழைக்காட்டு மரங்களின் கன்றுகளை நட்டு, காட்டைத் திரும்பக் கொண்டுவர முடியும் என்று பேராதனைப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களான நிமால் குணதிலக்கவும் சாவித்திரி குணதிலக்கவும் 1990களிலிருந்து செய்துகாட்டியிருக்கிறார்கள். மேற்கின் சிதறுண்ட காட்டுத் துண்டுகளுக்கிடையிலும் அவ்வாறு செய்யலாம். புறநகர்களில் வெற்றுக் கம்பிகளுக்குப் பதிலாக உறையிட்ட கம்பிகளை இழுப்பதும், மரத்தொடர் அறுந்த வீதிகளுக்கு மேலாகக் கயிற்றுப் பாலங்கள் கட்டுவதும் ஓர் அமைச்சரின் வெளிநாட்டுப் பயணச் செலவைவிடப் பெரிய காரியங்களாக எனக்குத் தோன்றவில்லை.

ஊடகத்துறையில் இருக்கும் இளையவர்களிடம் ஒரு வேண்டுகோள். தொல்காப்பியத்தின் மரபியல் குரங்கு, முசு, ஊகம் என்று வேறு வேறாகப் பெயர் சொல்லியே பேசுகிறது. முசு என்பதற்குக் கருமுகக் குரங்கு என்று எமது அகராதிகள் பொருள் தருகின்றன. இத்தனை சொற்களை வைத்திருக்கும் மொழியில் எழுதிக்கொண்டு, எல்லாவற்றையும் குரங்கு என்று தலைப்பிட்டுவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம். அடுத்த கணக்கெடுப்பு அறிவிக்கப்படும்போது, செய்தியாளர் மாநாட்டில் எழுந்து, ஊதாமுக மந்திக்குத் தனி நிரல் இருக்கிறதா என்று எவராவது ஒருவர் கேட்கவேண்டும். அமைச்சருக்குப் பதில் தெரியாமல் இருக்கலாம். அருகில் அமர்ந்திருக்கும் வனசீவராசிகள் திணைக்கள அதிகாரிக்குத் தெரிந்திருக்கும்.